பாரிஸ் நகரத்துப் படிக்கட்டுகள்

ஒரு நகரத்தை அதன் விழாக் காலத்தில் போய்ப் பார்ப்பது நல்லதா, விழா முடிந்து கூட்டம் கலைந்து வீதிகள் தம் இயல்புக்குத் திரும்பிய சாதாரண நாட்களில் போய்ப் பார்ப்பது நல்லதா என்ற விவாதம் யாத்திரிகர்களிடையே நெடுங்காலமாக உண்டு. தேரோட்டத்தன்று ஊருக்கு வந்தவன் தேரைப் பார்த்திருப்பானே தவிர ஊரைப் பார்த்திருக்க மாட்டான் என்று சொல்பவர்கள் அநேகர். என் அபிப்பிராயம் அதற்கு நேர்மாறானது. விழாவுக்காக ஒரு நகரம் எதைப் புதுப்பிக்கிறது, எதை மறைக்கிறது, யாருக்காக வழியை அகலப்படுத்துகிறது, யாரை வழியிலிருந்து அகற்றுகிறது என்பதைக் கூர்ந்து கவனிக்கிறவனுக்கு, அங்கே பத்து வருஷம் குடியிருந்தாலும் புலப்படாத சில உண்மைகள் அந்தச் சில தினங்களில் புலப்பட்டுவிடும்.

2024-ஆம் வருஷத்துக் கோடையில் பாரிஸ் மாநகரம் நடத்தியவை உண்மையில் இரண்டு விழாக்கள். ஜூலை 26 முதல் ஆகஸ்டு 11 வரை நடந்த ஒலிம்பிக் பந்தயங்களை உலகமே அறியும். சேன் நதியில் வீரர்கள் படகேறிப் பவனி வந்ததும், அன்று மாலை விடாமல் பெய்த மழையும், துய்லரி தோட்டத்திலிருந்து இரவுதோறும் வானில் எழும்பிய பலூன் தீபமும் பத்திரிகைகளில் வேண்டுமளவு வந்துவிட்டன. அவ்விழா முடிந்து பதினேழு நாள் கழித்து, ஆகஸ்டு 28-இல் தொடங்கிச் செப்டம்பர் 8 வரை நடந்தது மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக். நான் போனது இந்த இரண்டாவது விழாவுக்கு. 4,400 வீரர்கள், 22 விளையாட்டுகள், 549 பதக்கப் போட்டிகள் என்று அதன் பரிமாணம் பெரியதே ஆயினும், முதல் விழாவைக் காண வந்த வெளிநாட்டுக் கூட்டத்தில் பெரும்பகுதி ஊர் திரும்பிவிட்டிருந்தது. டிக்கெட்டுகள் 15 யூரோவிலிருந்து கிடைத்தன. பள்ளி திறக்கும் பருவமாதலால் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். முடிவில் சுமார் 25 லட்சம் டிக்கெட்டுகள் விற்றுப்போயின என்பதை அந்த நகரத்தாரின் நல்ல மனத்துக்குச் சாட்சியாகவே சொல்ல வேண்டும்.

இந்தப் பந்தயங்களின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்து வந்து சேர்ந்த லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர், யுத்தத்தில் முதுகெலும்பு முறிந்து இனிப் பிழைத்தும் பயனில்லை என்று கைவிடப்பட்ட சிப்பாய்களுக்கு ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் சிகிச்சை செய்தார். விளையாட்டையும் அவர் அச்சிகிச்சையின் ஓர் அங்கமாக்கினார். 1948 ஜூலை 29-ஆம் தேதி, லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், அந்த ஆஸ்பத்திரிப் புல்வெளியில் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லெடுத்தவர்கள் பதினாறு பேர். அந்தப் பதினாறு பேரிலிருந்துதான் 1960-இல் ரோமாபுரியில் நடந்த முதல் பாராலிம்பிக்கும், அதன் வழியே இன்றைய மகோற்சவமும் கிளைத்தன.

தொடக்க விழாவை விளையாட்டரங்குக்கு உள்ளே நடத்தாமல் ஷாம்ப்ஸ் எலிஸே பெருவீதியிலும் கோன்கார்டு சதுக்கத்திலும் நடத்தினார்கள். பாராலிம்பிக் சரித்திரத்தில் இப்படிச் செய்தது இதுவே முதல் தடவை. கோன்கார்டு சதுக்கம் சாமானியமான இடமன்று. 1793-இல் பதினாறாம் லூயி மன்னனின் தலை விழுந்த இடம் அது. எகிப்தின் லுக்ஸர் ஆலயத்திலிருந்து கொண்டுவந்து 1836-இல் நிறுத்திய, மூவாயிரம் வருஷத்துக்கும் முந்திய கற்றூண் அதன் நடுவே நிற்கிறது. அந்தச் சதுக்கமும் பெருவீதியும் கருங்கல் பாவியவை. கல்லுக்குக் கல் இருக்கும் இடுக்கில் சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் சிக்கிக்கொள்ளும் என்பதற்காக, கல்லின் மேல் தார்ப்பாதை போட்டிருந்தார்கள். பெருவீதியின் ஓரத்தில் ஜனங்களோடு ஜனமாக நின்ற எனக்கு, வாணவேடிக்கையைக் காட்டிலும் நடனங்களைக் காட்டிலும் மனத்தில் பதிந்தது அந்தத் தார்ப்பாதைதான். தேசம் தேசமாக அதன் மேல் வந்தார்கள்: தாமே சக்கரத்தை உருட்டி வந்தவர்கள், கண் தெரியாத தோழனின் கையைத் தம் முழங்கையில் பற்றவைத்து அழைத்து வந்தவர்கள், ஊன்றுகோலை ஒரு கையிலும் கொடியை மறு கையிலும் பிடித்திருந்தவர்கள். இந்தியாவிலிருந்து போயிருந்த 84 வீரர்களின் சார்பில் ஈட்டி எறியும் சுமித் அந்திலும், குண்டு எறியும் பாக்யஸ்ரீ ஜாதவும் கொடி ஏந்தினார்கள். மனிதர் யாவரும் சம உரிமையோடு பிறக்கிறார்கள் என்று 1789-இலேயே பிரகடனம் செய்த தேசத்தின் தலைநகரில், அந்தச் சமத்துவம் கல்லுக்கு மேல் கனமான தாராகவே இறங்கி வந்திருப்பதைக் கண்டபோது எனக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

விழா முடிந்து தங்குமிடத்துக்குத் திரும்ப மெத்ரோ நிலையத்தை அடைந்தபோதுதான் அந்நகரத்தின் மற்றொரு பக்கம் தெரிந்தது. தரைக்கு மேலே கொடிபோல் வளைந்த அழகிய பச்சை இரும்பு வாயில். அதற்குக் கீழே படிக்கட்டு. படிகள் இறங்கினால் நீண்ட ஓடு பதித்த நடைவழி, மறுபடி நாலைந்து படி ஏற்றம், மறுபடி இறக்கம், அதன் பிறகே ரயில் மேடை. திடகாத்திரமாக நடப்பவர்களுக்கு இவை கண்ணில் படுவதே இல்லை. 300-க்கு மேற்பட்ட நிலையங்கள் கொண்ட பாரிஸ் மெத்ரோவில், முழுப் பாதையிலும் சக்கர நாற்காலியோடு ஏறி இறங்கக் கூடியது 14-ஆம் எண் பாதை ஒன்றுதான். அது 1998-இல் திறந்த பாதை. விழாவுக்குச் சற்று முன், 2024 ஜூனில், வடக்கே சென் தெனி வரையும் தெற்கே ஓர்லி விமான நிலையம் வரையும் அதை நீட்டினார்கள். மற்றப் பாதைகளில் புதிதாக நீட்டிய பகுதிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக லிஃப்ட் உண்டு.

இதன் காரணம் அலட்சியம் மட்டுமே என்று சொல்வது நியாயமாகாது. மெத்ரோவின் முதல் பாதை 1900 ஜூலை 19-ஆம் தேதி ஓடத் தொடங்கியது. பாரிஸ் முதன்முதலில் ஒலிம்பிக் பந்தயங்களை நடத்தியதும் அதே 1900-ஆம் வருஷக் கோடையில்தான். (கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட் இரண்டு வெள்ளிப் பதக்கம் பெற்றது அந்தப் பந்தயங்களில் என்பது நம்மவர்களில் பலருக்கு மறந்துபோன செய்தி.) வீதிகளின் அடியிலேயே, இருபுறமும் வீடுகளின் அஸ்திவாரங்களுக்கு இடையில், ஆழமின்றிக் குறுகலாகத் தோண்டிய சுரங்கங்கள் அவை. அவற்றில் லிஃப்டுக்கு இடம் காண்பது இன்றைய எஞ்சினீயர்களுக்கும் கடினமான வேலையே. பிரான்சில் 2005-ஆம் வருஷம் மாற்றுத்திறனாளிகளுக்காக இயற்றிய விரிவான சட்டம், பொதுப் போக்குவரத்து முழுவதையும் பத்து வருஷத்துக்குள் அவர்கள் பயன்படுத்தும்படி மாற்ற வேண்டும் என்று விதித்துவிட்டு, பூமிக்கடியில் ஓடும் மெத்ரோவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. பதிலாக பஸ்கள் இருந்தால் போதும் என்றது. அதன்படி பாரிஸ் பஸ்களிலும் டிராம்களிலும் சக்கர நாற்காலியோடு ஏறலாம் என்பதையும், விழாவுக்காகச் சக்கர நாற்காலி ஏற்றும் டாக்ஸிகளைச் சுமார் ஆயிரமாகப் பெருக்க முனைந்தார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாக எழுதியவனாவேன்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மெத்ரோவை உருவாக்கிய தலைமை எஞ்சினீயர் ஃபுல்ஜான்ஸ் பியான்வென்யு. 1881-இல் ரயில் பாதை வேலையொன்றை மேற்பார்வையிடும்போது நேர்ந்த விபத்தில் அவருடைய இடக்கை நசுங்கி, அதை வெட்டி எடுக்கும்படி ஆயிற்று. பாரிஸின் அடிவயிற்றில் இத்தனை சுரங்கங்களையும் திட்டமிட்டு நிறைவேற்றியவர் ஒரு கை இல்லாதவர். மோன்பர்னாஸ் நிலையத்தின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப்பலகையின் கீழே நான் வெகுநேரம் நின்றேன். ஒரு கையோடு மலைபோன்ற காரியத்தைச் சாதிக்கலாம் என்று அவர் வாழ்ந்து காட்டிய காலத்தில், காலால் நடக்க முடியாதவனும் வீதிக்கு வருவான், வேலைக்குப் போவான், ரயிலேறுவான் என்ற எண்ணம் மட்டும் எவருக்கும் உதிக்கவில்லை. அவனுடைய இடம் வீட்டு மூலை என்றே அன்றைய உலகம் முழுவதும் முடிவு கட்டியிருந்தது. நம் தேசமும் அதற்கு விலக்கல்ல.

ஈஃபில் கோபுரத்தின் அடியில் எழுப்பியிருந்த தற்காலிக அரங்கில் கண் தெரியாதவர்கள் ஆடும் கால்பந்தாட்டத்தைப் பார்த்தேன். இதற்குச் சமானமான காட்சியை வேறெங்கும் கண்டதில்லை. பந்துக்குள் கிலுகிலுப்பைச் சத்தம் எழுப்பும் குண்டுகள். மைதானத்தின் இரு பக்கமும் இடுப்புயரப் பலகைச் சுவர். கோல்கீப்பருக்கு மட்டும் பார்வை உண்டு. எதிரணியின் கோலுக்குப் பின்னால் நின்று, பந்தை எப்பக்கம் அடிப்பது என்று தம்மவர்களுக்குக் குரல் கொடுப்பவர் ஒருவர். மற்ற நால்வரும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். பார்வையில் சற்று ஏறக்குறைய இருப்பவர்களும் சமமாக ஆட வேண்டும் என்பதற்காக அந்தக் கட்டு. பந்தைப் பறிக்க நெருங்குகிறவர் "வோய்! வோய்!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வர வேண்டும், சொல்லாவிட்டால் தவறு. இதையெல்லாம் அவர்கள் காதால் கேட்க வேண்டுமாகையால், பார்வையாளர்கள் வாயைத் திறக்கக் கூடாது. அத்தனை ஆயிரம் ஜனங்கள், குழந்தைகள் உள்பட, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். பந்தின் கிலுகிலுப்பும், கால்கள் தரையில் உராயும் ஓசையும், "வோய்" என்ற குரலும் மாத்திரம் கேட்கின்றன, ஒருவர் பலகை ஓரமாகப் பந்தை இரு பாதங்களுக்கிடையே தட்டித் தட்டி ஓட்டி வந்து, சட்டென்று உள்ளே திரும்பி அடிக்கிறார், வலை அசைகிறது, அடக்கி வைத்திருந்த ஆரவாரம் அப்போது எழுகிறதே, அது அந்தக் கோபுரத்தின் உச்சிக்கே கேட்டிருக்கும். 2004-இல் இவ்விளையாட்டு பாராலிம்பிக்கில் சேர்ந்தது முதல் தங்கத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காத பிரேசில் இம்முறை அரையிறுதியிலேயே தோற்றது. இறுதியில் பிரான்ஸ் அர்ஜென்டினாவைப் பெனால்டியில் வென்றது.

பாரிஸின் நடுவிலிருந்து வடக்கே போனால் லாச்சப்பல் வரும். லா ஷப்பேல் என்பதற்கு அங்குள்ள தமிழர்கள் வாயில் வழங்கும் பெயர் அது. கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்புறம் தொடங்கும் அந்தத் தெருக்களில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், சேலைக் கடைகள், நகைக் கடைகள், முருங்கைக்காயும் வாழையிலையும் கட்டிவைத்த காய்கறிக் கடைகள், கொத்துரொட்டியின் தாளம் கேட்கும் உணவகங்கள் என்று நமக்கு அந்நியம் எதுவும் இல்லை. புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள் முன்பே பிரான்சில் இருந்தார்கள். ஆனால் லாச்சப்பலைத் தமிழ்த் தெருவாக்கியவர்கள் 1983-க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஈழத்து மக்கள். 1985-இல் அவர்கள் அமைத்த மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் வருஷந்தோறும் ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அந்த வீதிகளில் ஓடுகிறது. சிதறுதேங்காய் உடைபடுவதை வேடிக்கை பார்க்கப் பிரெஞ்சுக்காரர்களும் திரளாக வருகிறார்கள்.

அங்கிருந்து லா ஷப்பேல் வீதி வழியே இன்னும் வடக்கே நடந்தால், 1429-இல் பாரிஸ் மீது படையெடுக்கும் முன் ஜோன் ஆஃப் ஆர்க் பிரார்த்தனை செய்த பழைய தேவாலயத்தைக் கடந்து, நகரத்தின் எல்லையில் போர்த் தெ லா ஷப்பேல் வரும். நெடுஞ்சாலைகள் சந்திக்கும் அந்தப் பகுதி வெகு காலம் அகதிகளின் கூடாரங்களுக்கும் போதைப்பொருள் வியாபாரத்துக்கும் பேர் போயிருந்தது. அவ்விடத்தில்தான், பாரிஸ் நகர எல்லைக்குள் ஒலிம்பிக்குக்கென்று நிரந்தரமாகப் புதிதாய்க் கட்டிய ஒரே போட்டி அரங்கம், சுமார் 8,000 இருக்கைகளோடு எழுந்தது. வீதியை அகலப்படுத்தி மரங்கள் நட்டிருக்கிறார்கள். கூடாரங்களில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அந்த மரங்கள் விடை சொல்லவில்லை. விழாவுக்கு முந்திய ஓராண்டில் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் இருப்பிடமற்றோர் பல்லாயிரம் பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள் என்று தொண்டு ஸ்தாபனங்கள் கணக்கெடுத்துச் சொல்லின. விருந்துக்காக வீட்டிலிருப்பவனை வெளியே அனுப்புவது எந்த தேசத்திலும் தர்மமாகாது.

அந்த அரங்கில் பாராலிம்பிக் பாட்மிண்டன் நடந்தது. சக்கர நாற்காலி ஆட்டத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். தலைக்கு மேலே பின்னால் போகும் ஷட்டிலை அடிக்க ஆட்டக்காரர் முதுகை மல்லாத்திச் சாய்கிறார். நாற்காலியும் கூடவே பின்னால் சாய்கிறது. விழுந்தேவிட்டார் என்று நாம் பதறும்போது, பின்புறத்திலுள்ள ஒரு சிறிய சக்கரம் தரையைத் தொட்டுத் தாங்கிக்கொள்கிறது. அடித்து முடித்த மறுகணம் ராக்கெட் பிடித்த கையாலேயே சக்கரத்தைத் தள்ளி வலைக்கருகே வந்துவிடுகிறார்.

நான் முக்கியமாகப் போனது நம் பெண்களைப் பார்க்க. கையில் குறைபாடுள்ளவர்களின் பிரிவில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனும் திருவள்ளூர் மனிஷா ராமதாஸும் அரையிறுதியில் ஒருவரோடொருவர் மோதும்படி ஆயிற்று. லாச்சப்பலில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவரிடம், யார் ஜெயிப்பார் என்று நினைக்கிறீர்கள் என்றேன். "ஆர் வெண்டால் என்ன ஐயா, ரெண்டும் எங்கட பிள்ளையள்தானே" என்று சொல்லிவிட்டு, கடையைப் பார்த்துக்கொள்ளத் தம்பியை நிறுத்திவிட்டு என்னோடு கிளம்பிவிட்டார். முதல் ஆட்டம் 23-21, இரண்டாவது 21-17 என்று துளசிமதி வென்றார். செப்டம்பர் 2-ஆம் தேதி இறுதியில் சீனாவின் யாங் சியுசியாவிடம் 17-21, 10-21 என்று தோற்று வெள்ளி பெற்றார். மனிஷா டென்மார்க்குப் பெண்ணை வென்று வெண்கலம் பெற்றார். குட்டையான உருவம் கொண்டவர்களின் பிரிவில் ஓசூரில் பிறந்த நித்யஸ்ரீ சுமதி சிவன், இந்தோனேசிய வீராங்கனையை 21-14, 21-6 என்று வென்று மற்றொரு வெண்கலம் பெற்றார். லாச்சப்பலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரே நாளில் தமிழ்நாட்டுப் பெண்கள் மூவர் பதக்கம் பெற்றார்கள். மறுநாள் சென் தெனி அரங்கில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.85 மீட்டர் உயரம் தாண்டி வெண்கலம் பெற்றார். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் கொண்டுவந்தவர் அவர். இந்தியாவுக்குக் கிடைத்த மொத்தப் பதக்கங்கள் 29.

பாட்மிண்டன் அரங்கில் எங்கள் வரிசையில் மூதாட்டி ஒருவர் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். தூண்களின் மேல் நிற்கும் லா ஷப்பேல் மெத்ரோ நிலையத்துக்கு எதிரே குடியிருப்பவர். "தம்பி, எனக்கு முழங்கால் ஏலாது. வீட்டுக்கு முன்னாலதான் ஸ்டேசன். அந்தப் படி ஏறிக் கனகாலம். எங்க போறதெண்டாலும் பஸ்தான். இந்தப் பிள்ளையள் வருகினம் எண்டதால லிஃப்ட் ஒண்டு போடுவாங்களாக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்" என்றார். அவர் மாற்றுத்திறனாளி என்ற கணக்கில் வருகிறவரல்லர், வயதானவர், அவ்வளவுதான். அன்று திரும்பும் வழியில் மார்க்ஸ் தோர்முவா நிலையத்துப் படிகளில், குழந்தை வண்டியின் முன்பக்கத்தை ஒரு தாயும் பின்பக்கத்தை முன்பின் அறியாத வாலிபன் ஒருவனும் தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தேன். அந்த உதவும் குணம் போற்றத்தக்கது. ஆனால் தினமும் அயலாரின் தயவை எதிர்பார்த்து நிற்கும் வாழ்க்கை எவருக்கும் சுலபமன்று.

விழா பயனற்றுப் போகவில்லை. பாராலிம்பிக் தொடங்குவதற்கு இரண்டொரு தினம் முன்பு, பாரிஸ் பிரதேசத்தின் தலைவர் வலேரி பெக்ரெஸ், மெத்ரோ முழுவதையும் எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்றும் திட்டம் ஒன்றைப் பகிரங்கமாக முன்வைத்தார். 1,500 கோடி முதல் 2,000 கோடி யூரோ வரை செலவாகும், பல வருஷங்கள் பிடிக்கும் என்றும் சொன்னார். நூற்றிருபத்துநான்கு வருஷத்துப் படிக்கட்டைப் பற்றி ஒரு நகரம் வாய்விட்டுப் பேசத் தொடங்கியது, 4,400 பேர் விருந்தினராக வந்ததால்தான். பேச்சு வேலையாக முடிய வேண்டும்.

நாமும் நம் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்னை மெட்ரோ 2015-இல் ஓடத் தொடங்கியபோதே லிஃப்டோடு வந்தது. அது தாமதமாக வந்ததனால் விளைந்த நன்மை. மெரினாவில் சக்கர நாற்காலியில் கடலருகே செல்ல 2022 நவம்பரில் மரப்பாதை போட்டார்கள். மறுமாதமே மாண்டஸ் புயலில் சேதமான அதைத் திரும்பச் செப்பனிட்டார்கள். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கியது, நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக வழக்காடிய பிறகு, 2024 ஆகஸ்டில். அதாவது துளசிமதி பாரிஸில் ஆடுவதற்குச் சில வாரங்கள் முன்புதான்.

2036-ஆம் வருஷத்து ஒலிம்பிக்கையும் பாராலிம்பிக்கையும் நடத்தித் தர விரும்புவதாக இந்தியா 2024 அக்டோபர் 1-ஆம் தேதி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அந்த வாய்ப்புக் கிடைப்பதும் கிடைக்காததும் பின்னால் தெரியும். காஞ்சிபுரம், திருவள்ளூர், ஓசூர் வாசகர்களுக்கு இப்போதே ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர் ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் ஒருமுறை போய், ஒரு படிகூட ஏறாமல் உள்ளே போய் வெளியே வர முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நகராட்சிக்கும் ரயில்வேக்கும் எழுதுங்கள்; பதில் வரும்வரை மறுபடி மறுபடி எழுதுங்கள்.